நன்னன் கதையை யார் சொல்கிறார்?

(தமிழ் இலக்கிய முதலாண்டு மாணவர்களுக்கு ஆற்றிய தொடக்கச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியம் படிக்க வந்தவர்கள் கற்க வேண்டிய கலைச்சொற்களைப் பற்றியும், பாட்டுக்குள் வந்துபோகும் பழங்கதைக் குறிப்புகளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டின் மேலும் மாணவர்களுக்கு அவ்வளவு விருப்பம் இருப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. உள்ளுறை என்றால் என்ன, இரண்டு மதிப்பெண். இறைச்சி என்றால் என்ன, இரண்டு மதிப்பெண். தற்குறிப்பேற்றத்தை விளக்குக, ஐந்து மதிப்பெண். ஒரு விளக்கத்தை மனப்பாடம் செய்து, கையேட்டில் இருக்கும் எடுத்துக்காட்டையே எழுதி, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பாட்டைப் படித்தால் நமக்கு என்ன கிடைக்காமல் போகும் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப்போகிறேன்.

குறுந்தொகை 292ஆவது பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் பரணர். புத்தகம் உங்கள் நூலகத்தில் இருக்கிறது. ஆகவே வரிகளை நான் படிக்கவில்லை, செய்தியை மட்டும் சொல்கிறேன்.

குளிக்கப் போன ஒரு பெண், ஆற்றுநீர் அடித்துக்கொண்டு வந்த ஒரு காயை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அது நன்னனுடைய காவல்மரத்து மாங்காய். அந்தத் தவறுக்கு ஈடாக 81 யானைகளையும், அவள் எடைக்குச் சமமாகப் பொன்னால் செய்த பாவையையும் தருகிறோம் என்கிறார்கள். நன்னன் வாங்க மறுத்து அவளைக் கொன்றுவிடுகிறான். பெண்ணைக் கொன்ற அந்த நன்னன் போன நரகத்துக்கே எங்கள் அன்னையும் போகட்டும் என்கிறது பாட்டு. அன்னை செய்தது என்ன? ஒருநாள் சிரித்த முகத்தோடு ஒருவன் விருந்தினனாக வந்தான். அன்றிலிருந்து அவள், பகைவர் படையை எதிர்பார்த்திருக்கும் ஊரைப் போலத் தூங்காமல் விழித்துக் காவல் காக்கிறாள். அவ்வளவுதான்.

முதல்முறை படிக்கிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். மகளைக் கண்காணிக்கிற தாய்க்கு இப்படியொரு சாபமா? வீட்டில் விழித்திருந்த தாயையும் கொலைசெய்த மன்னனையும் ஒரே தட்டில் எப்படி வைக்கலாம்? குறிப்புரையைப் பார்க்கிறோம். 'நன்னன்: ஒரு குறுநில மன்னன், பெண்கொலை புரிந்தவன்' என்று இருக்கிறது. தகவல் சரிதான். ஆனால் அந்தத் தகவலால் பாட்டு நமக்கு ஓர் அங்குலம்கூட நெருங்கி வருவதில்லை.

இங்கேதான் ஒரு கலைச்சொல் கை கொடுக்கிறது. பாட்டின் கீழே ஒரு துறைக்குறிப்பு இருக்கிறது. இரவுக்குறியில், தலைவன் சிறைப்புறத்தில் நிற்கும்போது தோழி சொன்னது என்று. சிறைப்புறம் என்றால் வேலிக்கு அப்பால், மறைவில். தலைவன் இரவில் வந்து அங்கே நிற்கிறான். தோழி அவனைப் பார்த்துப் பேசவில்லை, அவன் காதில் விழும்படி தலைவியோடு பேசுகிறாள். இப்போது பாட்டைத் திரும்பப் படியுங்கள். சாபம் அன்னைக்கு, செய்தி அவனுக்கு. 'இந்த வீட்டில் இனி இரவுச் சந்திப்பு நடக்காது. வரைவுக்கு வழி தேடு' என்று தோழி சொல்லாமல் சொல்கிறாள். அன்னை எவ்வளவு கொடியவளாகத் தெரிகிறாளோ அவ்வளவு சீக்கிரம் அவன் மணம்பேசி வருவான். ஆகவே அந்தச் சாபத்தின் கடுமையில் ஒரு கணக்கு இருக்கிறது.

நன்னன் கதையும் அப்போதுதான் திறக்கிறது. ஆற்றில் தானாக வந்த காயைத் தின்றாள் ஒருத்தி, அவள் மரம் ஏறித் திருடவில்லை. இங்கேயும் ஒருவன் விருந்தினனாகத் தானாக வந்தான், இவள் தேடிப் போகவில்லை. அங்கே சிறு தவறுக்குப் பெருந்தண்டனை, இங்கே ஒரு சிரித்த முகத்துக்கு ஊரடங்கிய காவல். குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லாத இடத்தில் எழுகிற கொதிப்பை ஊரே அறிந்த கதையிலிருந்து தோழி எடுத்துக்கொள்கிறாள். இன்னும் ஒன்று. இது என் சொந்த எண்ணம், எந்த உரையிலும் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் உயிருக்காக 81 யானைகளும் பொற்பாவையும் தர முன்வந்தார்கள் என்ற செய்தி, வெறுங்கையோடு வேலிக்கு அப்பால் நிற்கிறவன் காதில் எப்படி விழுந்திருக்கும்? நீ என்ன தரப்போகிறாய் என்ற கேள்வி அதற்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதே பரணர், குறுந்தொகை 73இல் நன்னனை மறுபடியும் கொண்டுவருகிறார். இப்போது தோழி தலைவியிடம் பேசுகிறாள். அவன் மார்பை நீ விரும்புகிறாய், வருந்தாதே, நன்னனின் மணமுள்ள மாமரத்தை வெட்டி வீழ்த்திய கோசரைப் போலக் கொஞ்சம் கடுமையான சூழ்ச்சியும் நமக்கு வேண்டும் என்கிறாள். நன்னனின் கொடுமைக்குக் கோசர் அந்த மரத்தை வெட்டிப் பழிதீர்த்தார்கள் என்று இரண்டு பாட்டையும் இணைத்து விளக்குவது வழக்கம். பாத்திரங்களும் மாமரமும் பழையவைதான், ஆனால் கதையின் வேறொரு முனையைத் தோழி பிடித்திருக்கிறாள். அங்கே தலைவன் கேட்பதற்காகச் சாபம், இங்கே தலைவிக்குத் துணிவு ஊட்ட ஒரு தந்திரம்.

மூன்றாவதாகப் புறநானூறு 151. பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் வருகிறார். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் சேர்ந்து இருக்கிறார்கள். புலவர் முதல்வனைத் தழுவிக்கொள்கிறார், இரண்டாமவனைத் தழுவவில்லை. அவன் காரணம் கேட்கிறான். கண்டீரக்கோவின் நாட்டில் ஆண்கள் வெளியே போயிருந்தாலும் பெண்கள் பாடிவந்தவர்களுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பார்கள், நீயும் தழுவத் தக்கவன்தான், ஆனால் நன்னன் வழிவந்தவன், அதோடு பாடுகிறவர்களுக்கு உன் வீட்டுக் கதவு அடைத்திருக்கிறது, ஆகையால் எம்மவர் உன் மலையைப் பாடுவதை விட்டுவிட்டார்கள் என்கிறார். மாங்காயைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பெயரை மட்டும் சொல்கிறார். எதிரே நிற்கிறவனுக்கு அது போதும்.

ஒரே கதை மூன்று பாட்டுகளில் மூன்று வேலை செய்கிறது. நன்னன் யார் என்று மட்டும் தெரிந்தவருக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும். நன்னனை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று பார்க்கிறவருக்குத்தான் மூன்றும் வேறுவேறாகத் தெரியும்.

ஆகவே நீங்கள் முதலில் கற்க வேண்டிய கலைச்சொல் எது என்று என்னைக் கேட்டால், உள்ளுறையையோ இறைச்சியையோ சொல்ல மாட்டேன். கூற்று என்பேன். அதற்கு அடுத்தது கேட்போர். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டின் உறுப்புகளாக 34ஐச் சொல்கிறார். அடி, சீர், தளை என்று வகுப்பில் நாம் அலகிட்டுப் பார்ப்பதை மட்டுமே யாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பட்டியலில்தான் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் எல்லாம் இருக்கின்றன. அதாவது யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த இடம், எந்த நேரம், எதற்காக என்பவை எதுகை மோனைக்குச் சமமான உறுப்புகள். களவில் யார் யார் பேசலாம், கற்பில் யார் யார் பேசலாம் என்றும் வரையறுக்கிறார். பாணனும் விறலியும் பரத்தையும் வழிப்போக்கராய்க் கண்டவர்களும் கற்பில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

அதே பட்டியலில் முன்னம் என்ற உறுப்பும் இருக்கிறது. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது என்று பேச்சைக்கொண்டே உணரும்படி அமைவது முன்னம். தேர்வில் இதைப் பற்றிய கேள்வி அபூர்வமாகத்தான் வரும். ஆனால் துறைக்குறிப்பு இல்லாமலே ஒரு பாட்டை வாசிக்கும் ஆற்றல் இதில்தான் இருக்கிறது. துறைக்குறிப்புகளைப் பாடிய புலவர்கள் எழுதவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பிற்காலத்தில் பாட்டைப் படித்து, முன்னத்தால் உணர்ந்து, இன்னார் கூற்று என்று யாரோ எழுதிவைத்தார்கள். அவர்கள் நமக்கு முன்னே போன வாசகர்கள். அவர்களை மதித்துப் படியுங்கள், தேவையான இடத்தில் மறுத்தும் பேசுங்கள். சில பாட்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. தலைவி சொன்னதாக ஒருமுறையும் தோழி சொன்னதாக ஒருமுறையும் படித்துப் பாருங்கள். பாட்டின் வெப்பமே மாறும்.

கூற்று தெரிந்துவிட்டால் மற்றக் கலைச்சொற்கள் தாமாகவே இடத்தில் வந்து அமர்கின்றன. உள்ளுறையைப் பாருங்கள். அகநானூறு 46ஆவது பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பிவந்த தலைவன் வாசலில் நிற்கிறான். தோழி உள்ளே விட மறுக்கிறாள். அப்போது அவன் ஊரைப் பற்றிப் பேசுகிறாள். சேற்றில் நின்று சலித்துப்போன எருமை ஒன்று, ஊர் உறங்கும் இரவில் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் நீக்கிவிட்டு, வயலில் இறங்கி, மீன்கள் அஞ்சி ஓட, வள்ளைக்கொடியை மிதித்துச் சிதைத்து, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிற ஊர் உன்னுடையது என்கிறாள். எருமை யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? சேறு எந்த வீடு, தாமரை எவள் என்று தெரியாமல் இருக்குமா? மிதிபட்ட வள்ளைக்கொடி யார் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உள்ளுறை என்பது கருப்பொருளை வைத்துச் சொல்லும் உவமம், தெய்வத்தை மட்டும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று இலக்கணம் சொல்கிறது. அதை மனப்பாடம் செய்தாயிற்று. ஆனால் உள்ளுறை ஏன் தேவைப்பட்டது? வாசலில் நிற்பவன் அந்த வீட்டுக்குரியவன். பேசுகிறவள் தோழி. அவனை எருமை என்று முகத்துக்கு நேரே சொல்ல அவளால் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. அந்த நெருக்கடியில்தான் உள்ளுறை பிறக்கிறது. கூற்றை விட்டுவிட்டு உள்ளுறையை மட்டும் படித்தால் ஒரு விடுகதைக்கு விடை கண்டுபிடித்த மகிழ்ச்சிதான் மிஞ்சும். தோழியின் கோபமும், அவள் காட்டிய கட்டுப்பாடும் நமக்குக் கிடைக்காது.

இறைச்சிக்குக் குறுந்தொகை 37. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடிப் பிரிந்து போனவனை நினைத்துத் தலைவி வாடுகிறாள். அவன் அன்பு மிகுந்தவன், போன வழியில் ஆண்யானை தன் பிடியின் பசியைத் தீர்க்க யாமரத்தை உரிக்கும் என்கிறாள் தோழி. இதில் யானை தலைவனுக்கு நிற்கிறது, மரம் இன்னதற்கு நிற்கிறது என்று உள்ளுறையில் செய்ததைப் போல ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போகக் கூடாது. அந்த யானை யானைதான். அதை அவன் வழியில் பார்ப்பான், பார்த்தால் இவளை நினைப்பான், நினைத்தால் திரும்பிவிடுவான். சொன்னதற்கு அப்பால் இன்னொரு பொருள் எழுகிறதே, அது இறைச்சி. உரையாசிரியர்கள் இந்த இரண்டின் எல்லையைப் பற்றி நிறைய வாதிட்டிருக்கிறார்கள். முதலாண்டில் உங்களுக்கு இவ்வளவு போதும்.

இதே பாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. யானை வந்தால் குறிஞ்சி என்று எழுதிவிடும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. மலையும் யானையும் தினையும் வந்தால் குறிஞ்சி, நண்டும் நாரையும் வந்தால் நெய்தல். கருப்பொருளைக் கண்டதும் திணையை முடிவு செய்துவிடுகிறார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்றில் பின்னால் சொன்னது முன்னால் சொன்னதைவிடச் சிறந்தது என்பது தொல்காப்பியரின் கருத்து. கருப்பொருள்கள் மயங்கலாம், உரிப்பொருள் மயங்கக் கூடாது. குறுந்தொகை 37 பிரிவைப் பேசுகிறது. ஆகவே பாலை. யானை எத்தனை வந்தாலும் பாலைதான்.

அணிகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. தண்டியலங்காரம் பொருளணிகள் 35ஐச் சொல்கிறது. முதலாண்டில் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுப்பொருள் வைப்பு, சிலேடை என்ற ஐந்தையும் நன்றாக அறிந்துகொண்டால் போதும். மற்றவை படிக்கப் படிக்க வந்து சேரும்.

கதைக்குறிப்புகளுக்குத் திரும்புகிறேன். என் மனம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் பழங்கதை வரும்போது முழுக்கதையும் வருவதில்லை, புலவனுக்கு வேண்டிய ஒரு துணுக்குதான் வருகிறது. எந்தத் துணுக்கை எடுத்தான், எதை விட்டான் என்பதுதான் படிக்க வேண்டியது. புறநானூறு 378இல் ஊன்பொதி பசுங்குடையார் சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடுகிறார். மன்னன் அள்ளிக் கொடுத்த நகைகளை அதுவரை கண்டறியாத பாணர் குடும்பம், விரலுக்கு உரியதைக் காதிலும், காதுக்கு உரியதை விரலிலும், இடுப்புக்கு உரியதைக் கழுத்திலும் அணிந்துகொள்கிறது. இராவணன் கவர்ந்து சென்ற நாளில் சீதை கீழே போட்ட நகைகளைக் குரங்குகள் எடுத்து அணிந்துகொண்டதைப் போல இருந்தது, நாங்கள் நெடுநேரம் சிரித்தோம் என்கிறார். இராமாயணத்தின் மிகத் துயரமான நேரம் அது. அதிலிருந்து வறுமை நீங்கிய வீட்டின் சிரிப்பை எடுத்திருக்கிறார். சீதையின் கண்ணீரைத் தொடவே இல்லை. அகநானூறு 70இல் இராமன் வேறு விதமாக வருகிறான். கோடி என்ற கடல்துறையில் ஆலமரத்தடியில் அவன் மந்திராலோசனை செய்தபோது மரத்துப் பறவைகள் ஒலி அடங்கியதைப் போல, தலைவன் மணம் செய்துகொள்ள வந்ததும் ஊரார் வாய் அடங்கியது என்கிறது அந்தப் பாட்டு. போர் இல்லை, வனவாசம் இல்லை. ஒரு மரம் அமைதியானது மட்டும் வருகிறது.

இவ்வளவு கதைகளும் அன்றைய மக்களுக்கு எப்படித் தெரிந்திருந்தன? பரிபாடலின் 19ஆவது பாட்டில் ஒரு காட்சி இருக்கிறது. நப்பண்ணனார் பாடியது. திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டிய மண்டபம். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்க்கிறார்கள். இவள் இரதி, இவன் காமன் என்று கேள்விக்கு விடை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இதோ பூனையாகப் போகிறவன் இந்திரன், இவள் அகலிகை, வெளியே போன கௌதமன் இவன், அவன் சினத்தால் இவள் கல்லான விதம் இது என்று சுட்டிக்காட்டிச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைகள் அங்கே வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டார்கள், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கேட்கத் தயங்காததுதான் கல்வியின் முதல் படி என்று நான் நினைக்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் அப்படிக் கேட்டுத்தான் கற்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர், அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் கரைகண்டவர், கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். 1880 அக்டோபர் 21ஆம் தேதி சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. அதன்பிறகு அந்த நூலைக் கையில் எடுத்தால், சமணச் சமயச் சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வழி மறிக்கின்றன. நச்சினார்க்கினியர் உரையில் எந்த நூலிலிருந்து வந்தவை என்று தெரியாத மேற்கோள்கள் குவிந்து கிடக்கின்றன. கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போனார். தம் ஐயங்களை அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அவர்கள் அந்தக் காப்பியத்தைச் சமய நூலாகவே ஓதி வந்தவர்கள். பெயர் தெரியாத மேற்கோள்களைத் தேடிப் போன வழியில்தான் சங்க நூல்களின் சுவடிகளுக்குள் புகுந்தார். சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. பிறகு மணிமேகலை. அங்கே பௌத்தச் சொற்கள். பக்கத்தில் கேட்பதற்குப் பௌத்தர்கள் இல்லை. அதே கல்லூரியில் இருந்த ரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து எடுத்துச் சொல்ல, 1898இல் மணிமேகலை வெளிவந்தது. இன்று நாம் அடிக்குறிப்பில் ஒரு நொடியில் கண்டுகொள்ளும் பொருளுக்குப் பின்னால் இவ்வளவு நடை இருக்கிறது. அந்த அடிக்குறிப்புகளை நான் நன்றியோடுதான் படிக்கிறேன்.

இப்போது உங்களுக்குக் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. புராணப் பெயர்களுக்கும் புலவர் பெயர்களுக்கும் இன்றும் அதுதான் முதல் நிறுத்தம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. கைபேசியிலேயே தேடலாம். ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். நன்னன் என்று தேடினால் மலைபடுகடாமின் பாட்டுடைத் தலைவனும் வருவான். செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன், கூத்தர்களுக்கு வாரி வழங்கியவன். பெண்கொலை செய்த நன்னன் வேறு. பெயரைக் கண்டதும் எடுத்து ஒட்டிவிட்டால் வள்ளலைக் கொலைகாரனாக ஆக்கிவிடுவோம். எந்த நாட்டான், யார் பாடியவன், என்ன செய்தவன் என்று மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

குறிப்பேடு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு யோசனை. சொற்களை அகரவரிசையில் எழுதாதீர்கள், அதை அகராதி செய்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று எழுதுங்கள். கூற்று யாருடையது, கேட்போர் யார், என்ன கதை வருகிறது, அந்தக் கதையில் எது வரவில்லை. நன்னனுக்கு இப்படி மூன்று பக்கம் எழுதி முடித்தால், கதைக்குறிப்பு என்பதற்கு வேறு விளக்கம் உங்களுக்குத் தேவைப்படாது.

புதிய கலைச்சொற்களைப் பற்றிக் கேட்பீர்கள். படிமம், குறியீடு, தொன்மம், நனவோடை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற இதழ்களில் புதுக்கவிதையோடு சேர்ந்து இந்தத் திறனாய்வுப் பேச்சும் தமிழில் வேரூன்றியது. புதுக்கவிதையைப் படிக்க இவை வேண்டும், தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் புதிதாக வந்ததாக நாம் நினைக்கும் சில, இங்கே நெடுங்காலமாக இருப்பவை. அங்கதம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, வெளிப்படையாக வைவதும் மறைத்து வைவதுமாக இரண்டு வகையோடு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னது புறநானூறு 95இல் இருக்கிறது. உங்கள் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. சொற்களை மட்டும் பார்த்தால் புகழ்ச்சி. பேசுகிறவர் யாருடைய தூது, கேட்கிறவன் யார் என்று தெரிந்தால் எச்சரிக்கை. இங்கேயும் கூற்றுதான் திறவுகோல்.

கடைசியாக அகலிகை. பரங்குன்றத்து ஓவியத்தில் ஒரு வழிகாட்டி அவளைச் சுட்டிக்காட்டினார். அங்கே அவள் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு கதை, அவ்வளவுதான். திருக்குறளில் 25ஆவது குறள் ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனையே சான்று காட்டுகிறது. அகலிகையின் பெயரும் இல்லை, கௌதமன் பெயரும் இல்லை. தான் அடங்காமல் சாபம் பெற்று, அடங்கியவன் வலிமையை உலகுக்குக் காட்டினான் என்று பரிமேலழகர் விரிக்கிறார். வென்றவனைப் புகழத் தோற்றவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார் வள்ளுவர். அகலிகைக் கதை தெரியாதவர், இந்திரன் புலனடக்கத்தில் சிறந்தவன் போலும் என்று நேர்மாறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது. கம்பன் பாலகாண்டத்தில் அவளுக்கு ஒரு படலமே தருகிறான். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை, பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பனில் கல்லாகி, இராமனின் அடித்தூள் பட்டு எழுகிறாள். அவள் நெஞ்சால் பிழை செய்யாதவள், ஏற்றுக்கொள் என்று கௌதமனிடம் விசுவாமித்திரன் சொல்கிறான். அகலிகை பேசுவதற்கு அந்த இடத்தில் வாய்ப்பில்லை.

அவளைப் பேசவைத்தவர் புதுமைப்பித்தன். 'சாபவிமோசனம்' 1943இல் வந்தது. சாபம் நீங்கி மனிதர்களோடு வாழ முயல்கிற அகலிகையை அங்கே பார்க்கிறோம். ஊர்ப்பேச்சு அவளை விடவில்லை. காட்டிலிருந்து திரும்பிய சீதை அவளைப் பார்க்க வருகிறாள். தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதை அவள் சொல்கிறாள். கேட்ட அகலிகை திடுக்கிடுகிறாள். தன்னை மன்னித்து எழுப்பியவனே தன் மனைவியை அப்படிக் கேட்டிருக்கிறான். அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இராமாயணப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று புதுமைப்பித்தன் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். ஆனால் இராமாயணமே தெரியாதவர்களுக்கு? அவர்களுக்கு இது மணவாழ்க்கை முறிந்த ஒரு முனிவரின் கதையாக நின்றுவிடும். கம்பனில் விசுவாமித்திரன் சொன்ன தீர்ப்பைப் படித்தவர்தான், புதுமைப்பித்தனில் அந்தத் தீர்ப்பு எப்படி உடைகிறது என்று காண முடியும். தீர்ப்புச் சொன்னவர்களின் கூற்றாக இருந்த ஒரு கதை, இங்கே தீர்ப்புக்கு ஆளானவளின் கூற்றாக மாறியிருக்கிறது.

உங்கள் பாடத்திட்டத்தில் இவை வேறு வேறு பருவங்களில், வேறு வேறு தாள்களில் சிதறிக் கிடக்கும். பரிபாடல் ஒரு பருவம், குறள் ஒரு பருவம், கம்பன் ஒரு பருவம், சிறுகதை ஒரு பருவம். காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பரிபாடல் 19ஐயும் குறள் 25ஐப் பரிமேலழகர் உரையோடும் அகலிகைப் படலத்தையும் 'சாபவிமோசன'த்தையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படியுங்கள், ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்ல வசதியாக இருக்கும். எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குமாறு உங்கள் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.